கார்டு எட்மண்டின் ஐந்து தட்டுகள்

மூன்று நாளைக்கு ஒருமுறை, காலை ஐந்து நாற்பதுக்கு, எட்மண்ட் கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்து தட்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்க்கிறார். ஐந்து எனாமல் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஆறு சின்ன மண்தொட்டிகள் இரண்டு விரல் தண்ணீரில் நிற்கின்றன. தொட்டிகளைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்துவிட்டு, தட்டுத் தண்ணீரைப் பழைய மல் துணியில் வடிகட்டி, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். கொசுப்புழு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தபிறகு அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றுகிறார். பிறகு நோட்டில் எழுதுகிறார்: "5.40 முதல் 6.05 வரை. ஐந்து தட்டும் வடிகட்டப்பட்டது. புழு இல்லை." கீழே கையெழுத்து. அந்த நோட்டை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை.

தண்ணீரைக் கொட்டிவிட முடியாது. அது மழைத் தண்ணீர். இரும்புலியூர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும். அந்த உப்பு தொட்டியில் இருக்கிற செடிக்கு விஷம். அதனால் ஐப்பசி பிறந்ததும் கொல்லையில் நான்கு சவுக்குக் கம்பு நட்டு, வெளுத்த வேட்டி ஒன்றை நாலு மூலையிலும் கட்டி, நடுவில் கழுவிய கூழாங்கல்லைப் போட்டு, கீழே அண்டாவை வைப்பார். முதல் கால் மணி நேர மழையை மட்டும் பிடிக்க மாட்டார். "வானமும் ஒருதரம் மூஞ்சி கழுவட்டும்" என்பார். பிடித்த மழையெல்லாம் ஊறுகாய் ஜாடிகளில் அடைபட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"மத்தவங்க வீட்ல கட்டிலுக்கு அடியில பணம் வெச்சிருப்பாங்க. எங்க வீட்ல மழையை வெச்சிருக்கார்" என்கிறார் அவர் மனைவி தபீதாள். இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பன்னிரண்டு ஜாடி நிரம்ப வேண்டிய இடத்தில் நாலுதான் நிரம்பின.

எட்மண்டுக்கு நாற்பத்தெட்டு வயது. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடுகிற மின்சார ரயிலில் கார்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கறுப்புப் பூட்ஸ். பூட்ஸில் முகம் பார்க்கலாம். ரயில்வே சாமானை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது என்பது அவருடைய பதினோராம் கட்டளை. பென்சில்கூட வராது. கிழிந்துபோன பழைய கொடித் துணி ஒன்றைச் சூடான பாத்திரம் இறக்கக் கேட்டார் தபீதாள், கல்யாணமான புதிதில். "அது சர்க்கார் துணி. ஸ்டோர்ஸ்ல ஒப்படைக்கணும்" என்று பதில் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தபீதாள் முந்தானையால்தான் பாத்திரம் இறக்குகிறார்.

அவருக்கு இந்தச் செடி கிடைத்ததும் ரயில்வே விதிப்படிதான். அறுபத்து மூன்றாம் வருஷத்தில் அவர் கூட்ஸ் வண்டிக்குக் கார்டு. பெருங்களத்தூரைத் தாண்டி ஒரு நாள் எஞ்சின் மக்கர் செய்து வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அப்படி நின்றால் கார்டு பின்பக்கமாக நடந்து போய்த் தண்டவாளத்தில் வெடி வைக்க வேண்டும். பின்னால் வருகிற வண்டி அதன்மேல் ஏறினால் சத்தம் கேட்டு நின்றுவிடும். எட்மண்ட் வெடியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பள்ளத்தில் ஈர மணல் முழுவதும் சிவப்பாக மினுங்கியது. யாரோ கண்ணாடி வளையலை நொறுக்கிக் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்து பார்த்தார். எட்டணாக் காசு அகலத்தில் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் செடி. இலையெல்லாம் சிவப்பு மயிர். ஒவ்வொரு மயிரின் தலையிலும் ஒரு சொட்டுப் பசை. பத்து மணி வெயிலில் சுற்றிலும் பனி காய்ந்துபோயிருக்க, இது மட்டும் காயவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. ஓரத்து மயிர்கள் மெல்லக் கை மடக்கி அதை நடுவுக்குத் தள்ளின. எஞ்சின் சரியாகி டிரைவர் மூன்று முறை ஊதியபிறகுதான் எட்மண்டுக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது.

வைத்தியர்கள் அதை அழுகண்ணி என்கிறார்கள். எட்மண்டுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "இது எங்க அழுவுது? ஏறினவன்தான் அழணும்" என்பார். இலையில் ஒட்டிக்கொண்ட பூச்சிக்கு அவர் வைத்த பெயர் பாசஞ்சர். "டிக்கெட் இல்லாம ஏறலாம். எறங்கறதுக்கு ஸ்டேஷன் கிடையாது."

அவருடைய கோபத்தில் பாதி, செடிக்குச் சோறு போட வருகிறவர்கள்மேல். பூச்சி தின்னும் செடி என்று கேள்விப்பட்டவுடனே எல்லாருக்கும் கை துறுதுறுக்கிறது. சர்ச்சில் பெண்கள் சங்கத்தார் பார்க்க வந்து கேக் துண்டு வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வீட்டு ஜெயவேலு, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிண்ணத்தை நீட்டினார்.

"கார்டு சார், எங்க வீட்ல இன்னிக்கு மட்டன். உங்க செடிக்குக் கொஞ்சம் கொழுப்பு எடுத்து வெச்சேன்."

"அது என்ன உங்க மச்சானா, கூப்பிட்டு விருந்து வைக்க?"

ஜெயவேலு சிரித்துக்கொண்டே கையை நீட்டி ஒரு இலையில் வைத்துவிட்டார். நான்காம் நாள் இலை கறுத்து அழுகியது. அதன்பின் ஒரு மாதம் எட்மண்ட் வேலிப் பக்கம் திரும்பவில்லை.

அது மண்ணின் ஏழ்மையால் பூச்சி பிடிக்கிற செடி என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? அந்த மணலில் சத்து கிடையாது. இல்லாத வீட்டுப் பிள்ளை தெருவில் கிடைத்ததைத் தின்று வளர்கிற மாதிரி அது வளர்கிறது. வேரில் உரம் பட்டால் செத்துவிடும். அதற்கு வேண்டியது நல்ல வெயில், கழுவிய மணல், மழைத் தண்ணீர், பிறகு மனிதர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதில்லை.

முத்தாலம்மாள் சங்கதியும் அப்படி வந்ததே. கோவளத்திலிருந்து பஸ் மாறி மீன் கொண்டுவருகிறவர். தபீதாள் வாங்கிய மீனைக் கொல்லைத் துவைகல்லில் அவரே ஆய்ந்து கழுவிக் கொடுத்துவிட்டுப் போவார். மீன் கழுவின தண்ணீரை வீணாக்காமல் ரோஜாவுக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுவது எல்லா வீட்டிலும் வழக்கம். போன வருஷம் ஒரு நாள், நல்ல மனசோடு, அதை இந்தத் தட்டுகளில் ஊற்றிவிட்டார். அப்போது எட்டுத் தட்டுகள் இருந்தன. மூன்று போயிற்று.

எட்மண்ட் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. முத்தாலம்மாளும் விடவில்லை.

"பூச்சி துன்ற செடியாச்சே, மீன் தண்ணி ஊத்துனா தளதளன்னு வருமேன்னு ஊத்துனேன். நான் இன்னா வெசமா வெச்சேன்? இனிமே இந்தக் கார்டய்யாகிட்ட வாயத் தொறந்தா என் பேரு முத்தாலம்மா இல்ல."

சொன்னபடியே நடந்துகொண்டார். ஒரு வருஷமாக எட்மண்ட் இரண்டடி தூரத்தில் நின்றாலும் பேச்சு தபீதாள் வழியாகத்தான் போகும். "தபீதாம்மா, தரையெல்லாம் செதிலு கீது. உங்க வூட்டுக்காரரைப் பாத்து நடக்கச் சொல்லுங்க." எட்மண்ட் அதற்கும் முறைப்பார்.

இதற்கிடையே பெருங்களத்தூர்ப் பள்ளத்தை ஒரு கம்பெனி வாங்கி, லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரவி, கல் நட்டு, மனை மனையாகப் பிரித்துவிட்டது. செடி இருந்த இடத்தில் இப்போது பலகை ஒன்று நிற்கிறது; அதில் ஏதோ கார்டன் என்று பெயர். எட்மண்ட் ரயிலில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். ஆக, இந்த வட்டாரத்தில் அவர் அறிந்தவரை, மிச்சம் இந்த ஐந்து தட்டுகள். இந்தச் செடிக்கு ஆயுசு ஒரு வருஷம். தையில் மெல்லிய காம்பு நீட்டி வெள்ளையாகப் பூக்கும். மாசியில் விதை முற்றும். மிளகுத்தூள் மாதிரி இருக்கும். அதைக் காகிதத்தில் தட்டி மடித்து வைத்தால்தான் அடுத்த ஐப்பசிக்குச் செடி உண்டு. இந்த வருஷம் விதை முற்ற இரண்டரை வாரம் இருந்தது.

அப்போதுதான் கொசு ஆபீஸ்காரர்கள் வந்தார்கள்.

ஊரில் மலேரியா திரும்பிவிட்டது என்று அந்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் ஆள் வருகிறது. பெயர் லோகு. ஒரு கையில் கறுப்பு எண்ணெய் டப்பா, காதில் சாக்குக்கட்டி. வீட்டுக்குள் தேங்கின தண்ணீரைக் கொட்டி, எண்ணெய் தெளித்து, கதவில் தேதி எழுதிவிட்டுப் போவான். எட்மண்ட் வீட்டு வாசலுக்கு முன்னால் சாக்கடை இருக்கிறது. போன ஆடியிலிருந்து அது ஓடவில்லை. குனிந்து பார்த்தால் தண்ணீரே நெளிகிற மாதிரி இருக்கும், அவ்வளவு புழு. அதன்மேல் போட்ட ஒற்றைக் கல்லில் காலை வைத்துத் தாண்டித்தான் லோகு உள்ளே வர வேண்டும். தாண்டி வந்தான்.

எட்மண்ட் காலை டூட்டியில் இருந்தார். தபீதாள் ரேஷன் கடையில் வரிசையில் நின்றிருந்தார். கொல்லையில் முத்தாலம்மாள் மட்டும்.

இரண்டரை மணிக்கு எட்மண்ட் வீட்டுக்கு வந்தபோது கதவில் தேதி இருந்தது. கொல்லையில் நாலு தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. தொட்டிகள் உருண்டு, மணல் சிதறி, அதன்மேல் எண்ணெய் கறுப்பாகப் பரவியிருந்தது. இருபத்து நாலு தொட்டி. எட்மண்ட் ஒரு செடியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பசையின் மினுமினுப்புக்குப் பதிலாக எண்ணெயின் மினுமினுப்பு. பூக்காம்பு ஒடிந்திருந்தது.

ஐந்தாவது தட்டைக் காணவில்லை. துவைகல் ஓரத்தில் மீன்கூடை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கினார். கூடைக்கு அடியில் வாழையிலை விரித்திருந்தது. இலைக்கு அடியில் தட்டு. ஆறு தொட்டிகளும் நின்ற இடத்தில் நின்றன.

முத்தாலம்மாள் சொல்லிவிட்டுப் போனதைத் தபீதாள் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. லோகு நாலு தட்டைக் கவிழ்த்துவிட்டு எண்ணெய் டப்பாவை எடுக்கத் திரும்பிய நேரத்தில், முத்தாலம்மாள் கைக்கு எட்டிய தட்டின்மேல் இலையைப் போட்டு, மீனைத் துவைகல்லில் கொட்டிக் கூடையைக் கவிழ்த்துவிட்டார்.

"அந்தக் கூடைல இன்னா கீது ஆயா?" என்று கேட்டானாம் லோகு.

"கவுச்சி. மோந்து பாக்கிறியா?"

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். முத்தாலம்மாள் மிச்ச மீனைத் தபீதாளின் அலுமினியப் பேசினில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கூடை நகரக் கூடாது என்று.

"இலை எதுக்குப் போட்டாங்களாம்?" என்று கேட்டார் எட்மண்ட்.

"கூடையிலேர்ந்து மீன் தண்ணி சொட்டிடப் போகுதேன்னு. சொட்டினா மறுபடி உங்ககிட்ட யார் பேச்சு வாங்கறதுன்னு கேட்டாங்க."

மறுநாள் எட்மண்ட் யூனிபாரத்தில் கொசு ஆபீஸுக்குப் போனார். கையில் மூன்று சாமான்கள்: வடிகட்டின கணக்கு நோட்டு, கவிழ்ந்த தொட்டியிலிருந்து எடுத்த, ஏழு கொசு ஒட்டிய ஒரு செடி, வாசல் சாக்கடைத் தண்ணீர் ஒரு பாட்டில். அங்கே மேற்பார்வையாளர் ஸ்ரீநிவாசன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி, பொறுமையாகப் பதில் சொன்னார். எட்மண்டுக்கு அந்தப் பொறுமைதான் தாங்கவில்லை.

"மிஸ்டர் எட்மண்ட், தேங்கின தண்ணி எங்க இருந்தாலும் தேங்கின தண்ணிதானே."

"இதுல அஞ்சு வருஷத்து ரெக்கார்ட் இருக்கு சார். மூணு நாளைக்கு ஒருதரம் வடிகட்டறேன். ஒரு புழு கிடையாது. படிச்சுப் பாருங்க."

"உங்க நோட்டை நான் எப்படி ரெக்கார்டா எடுத்துக்க முடியும்?"

"சரி, இதைப் பாருங்க." பாட்டிலை மேஜைமேல் வைத்தார். உள்ளே புழுக்கள் தலைகீழாக நெளிந்தன. "உங்க ஆள் இதைத் தாண்டித்தான் என் வீட்டுக்குள்ள வந்தான்."

ஸ்ரீநிவாசன் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சாக்கடை எங்க லிஸ்ட்ல வராது. அது வேற டிபார்ட்மென்ட். எங்களுக்கு வீடு மட்டும்தான்."

"அந்த லிஸ்ட் கொசுவுக்குத் தெரியுமா சார்?"

ஸ்ரீநிவாசன் சிரிக்கவில்லை. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார். பதில் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை செவ்வாய்க்கிழமை ஆள் வரும். தட்டு இருந்தால் கொட்டுவான். எட்மண்ட் கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார். பாட்டிலை வேண்டுமென்றே மேஜைமேல் விட்டுவிட்டு வந்தார்.

ஒரு மாதம். விதை முற்ற இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம். நடுவில் இரண்டு செவ்வாய்க்கிழமை.

"அந்த ஒரு மணி நேரம் தட்டை உள்ள எடுத்து வெச்சிட்டா என்னங்க?" என்று தபீதாள் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"புழு இருக்கறது ரோட்ல. ஒளியறது நானா?"

"நீங்க ஒளிய வேணாம். செடிதானே ஒளியப் போகுது."

"தப்பு செஞ்ச பொருளைத்தான் ஒளிச்சு வைப்பாங்க. அது என்ன தப்பு செஞ்சுது? கொசுவைத் தின்னுது. அவங்க செய்ய வேண்டிய வேலையை அது செய்யுது." சாப்பாட்டுத் தட்டில் கை காய்ந்துபோகும்வரை பேசினார். டி.டி.டி. அடிக்க வந்தவர்கள் பரணில் அடித்துவிட்டு ஓடையை விட்டது, குழாய் போடுகிறேன் என்று தோண்டி மூடாமல் போனது, பள்ளத்தை மூடிவிட்டுக் கார்டன் என்று பலகை வைத்தது, எல்லாம் ஒரே வரிசையில் வந்தன. தபீதாள் ரசத்தை மறுபடி சுட வைத்தார்.

திங்கட்கிழமை எட்மண்ட் டூட்டி முடிந்து வந்தபோது அவர் கக்கத்தில் இரண்டு கொடிகள் இருந்தன. சுருட்டின சிவப்பு, சுருட்டின பச்சை. மேஜைமேல், பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தார். தபீதாள் கொடிகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முந்தானையால் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, "நாளைக்கு லீவா?" என்று மட்டும் கேட்டார்.

"லீவுதான்." ஆறு வருஷத்தில் முதல் லீவு.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்கு லோகு தெருமுனையில் திரும்பினான். எட்மண்ட் வாசல் சாக்கடையின் ஒற்றைக் கல்மேல் நின்றுகொண்டிருந்தார். தொப்பி, விசில், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, முகம் பார்க்கும் பூட்ஸ். பச்சைக் கொடி கக்கத்தில் இருந்தது. லோகு பத்தடி தூரத்தில் வந்ததும் சிவப்பை விரித்துப் பிடித்தார்.

லோகு நின்றுவிட்டான். "இன்னா கார்டு சார், நான் இன்னா ரயிலா?"

எட்மண்ட் கொடியை இறக்காமல், முகவாயால் கீழே காட்டினார். "மொதல்ல இதுல ஊத்து. அப்புறம் உள்ள வா."

"அது நம்ப லிஸ்ட்ல இல்ல சார்."

"என் வீடும் இன்னிலேர்ந்து லிஸ்ட்ல இல்ல."

"பேஜார் பண்ணாத சார். கதவுல தேதி போடலன்னா அந்த ஆபீசர் என்னியக் கேப்பாரு. நான் புள்ளகுட்டிக்காரன்." லோகு சொன்னதில் பொய் இல்லை. அது எட்மண்டுக்கும் தெரியும். கொடி இறங்கவில்லை.

ஜெயவேலு வேலிக்கு மேலே தலையை நீட்டினார். எதிர்வீட்டில் இரண்டு பேர், சைக்கிளில் போனவர் ஒருவர். சாக்கடைதான் அப்போது எல்லார் கண்ணிலும் பட்டது. லோகு சாக்குக்கட்டியைக் காதிலிருந்து எடுத்தான், மறுபடி வைத்தான்.

அந்த நேரத்தில் முத்தாலம்மாள் வந்தார். தலையில் தபீதாளின் அலுமினியப் பேசின். லோகுவுக்குப் பின்னால் வந்து நின்று, கொடியை ஒரு பார்வை, கார்டை ஒரு பார்வை. சத்தியத்தை விட்டுவிடவில்லை. வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தபீதாம்மா, மீன்காரிக்கும் செவப்புக் கொடிதானான்னு கேட்டுச் சொல்லுங்க. வெய்யிலு ஏறிக்கினு போவுது."

எட்மண்ட் சிவப்பை இடது கைக்கு மாற்றி, லோகுவின் முகத்துக்கு நேராக அப்படியே பிடித்துக்கொண்டார். வலது கையால் கக்கத்திலிருந்து பச்சையை உருவி, உதறி விரித்தார். கல் ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். இரண்டு கொடிகளையும் இறக்காமல், முத்தாலம்மாள் தாண்டிப் போக இடம் விட்டு, பளபளத்த பூட்ஸோடும் வெள்ளைக் கால்சட்டையோடும் சாக்கடைக்குள் இறங்கி நின்றார்.